ஏறி ஓட்டும் சூட்கேஸை மதுரையிலிருந்து விமானத்தில் கொண்டு செல்லலாமா?

திருமங்கலத்தைச் சேர்ந்த ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது: அவருடைய அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. சிங்கப்பூரில் இருக்கும் மகளைப் பார்க்க முதன்முறையாகத் தனியே பயணம் செய்யவிருக்கிறார். விமான நிலையத்தில் நடக்கச் சிரமப்படுவாரே என்று மருமகன் ஏறி உட்கார்ந்து ஓட்டும் மின்சார சூட்கேஸ் ஒன்றை வாங்கிக் கொடுத்திருக்கிறார். பேட்டரியின் மேல் '36 வோல்ட், 2 ஆம்பியர்-அவர்' என்று அச்சிட்டிருக்கிறது. இதை விமானத்தில் ஏற்றுவார்களா, பேட்டரியைப் பெட்டிக்குள்ளேயே விட்டு லக்கேஜில் போட்டுவிடலாமா, திரும்பி வரும்போது ஏதேனும் சிக்கல் வருமா என்பவை அவருடைய ஐயங்கள்.

விமானச் சரக்குப் பிரிவில், ஆபத்தான பொருள்களைப் பரிசோதித்து ஏற்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன். அந்தப் பணியில் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடியும் பயிற்சி பெற்றுத் தேர்வு எழுத வேண்டும். அப்படி எழுதிய ஒவ்வொரு முறையும் பாடத்தில் லித்தியம் பேட்டரிக்கான பக்கங்கள் கூடிக்கொண்டே போனதை நேரில் பார்த்திருக்கிறேன்.

முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். பேட்டரியைப் பெட்டிக்குள் விட்டு லக்கேஜில் போடக் கூடாது. அதில் விதிவிலக்குக்கு இடமே இல்லை. பேட்டரியைக் கழற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, வெறும் பெட்டியை மட்டும் லக்கேஜில் போட உலக விதிகள் இடம் கொடுக்கின்றன. ஆனால் நீங்கள் பறக்கும் விமான நிறுவனம் அந்தப் பெட்டியை 'பேட்டரி உள்ள பெட்டி' என்று கருதுகிறதா, 'பேட்டரியில் ஓடும் சிறு வாகனம்' என்று கருதுகிறதா என்பதைப் பொறுத்தே கடைசி முடிவு அமையும்.

உங்கள் பேட்டரியின் கணக்கைப் பார்ப்போம். விமான விதிகள் பேட்டரியை வாட்-அவர் என்ற அளவில் பார்க்கின்றன. வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்கினால் அது கிடைத்துவிடும். 36-ஐ 2-ஆல் பெருக்கினால் 72 வாட்-அவர். 100 வாட்-அவர் வரை உள்ள பேட்டரியைத் தனி அனுமதி இல்லாமல் கைப்பையில் எடுத்துச் செல்லலாம். 100-க்கு மேல் 160 வரை உள்ளதற்கு விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். அதிலும் உதிரியாக இரண்டுக்கு மேல் கூடாது. 160-ஐத் தாண்டிவிட்டால், மின்சார வீல்சேர் போன்ற உதவிக் கருவிகளின் பேட்டரியைத் தவிர, பயணியின் உடைமையாக எந்த வழியிலும் கொண்டு செல்ல முடியாது. ஆகவே உங்களுடையது எண்ணளவில் பாதுகாப்பான பக்கத்தில்தான் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால், 20,000 மில்லியாம்பியர்-அவர் என்று போட்டிருக்கும் சாதாரணப் பவர் பேங்க் 3.7 வோல்ட் கணக்கில் 74 வாட்-அவர் வரும். இரு சக்கரங்கள் மேல் நின்றுகொண்டு போகும் ஹோவர்போர்டுகளில் பரவலாக இருந்த 36 வோல்ட், 4.4 ஆம்பியர்-அவர் பேட்டரி 158 வாட்-அவரைத் தொடும். சூட்கேஸ் தயாரிப்பவர்களுக்கும் இந்த 100 என்ற எல்லை தெரியும் என்பதால் பலரும் அதற்குக் கீழேயே பேட்டரியை அமைக்கிறார்கள்.

ஆனால் ஒரு குறை உங்கள் கேள்வியிலேயே தெரிகிறது. பேட்டரியின் மேல் வாட்-அவர் என்ற எண் அச்சிடப்படவில்லை. 2011 டிசம்பர் 31-க்குப் பிறகு தயாரித்த லித்தியம்-அயன் பேட்டரிகளின் வெளிப்புறத்தில் வாட்-அவர் அளவு இருக்க வேண்டும் என்பது விதி. கவுண்டரில் இருப்பவருக்கோ பாதுகாப்புச் சோதனையில் இருக்கும் சிஐஎஸ்எஃப் காவலருக்கோ பின்னால் நூறு பேர் வரிசையில் நிற்கும்போது பெருக்கல் போட நேரம் இருக்காது. எண் தெளிவாக இல்லாத பேட்டரியை மறுத்துவிடுவது அவர்களுக்கு எளிது, அது தவறும் அல்ல. தயாரிப்பாளரின் கையேட்டில் வாட்-அவர் எண் உள்ள பக்கத்தை அச்செடுத்து அம்மாவின் பாஸ்போர்ட் உறைக்குள் வைத்துவிடுங்கள். யுஎன் 38.3 என்னும் சோதனையில் தேறியதற்கான தாள் கிடைத்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உயரத்தில் காற்றழுத்தம் குறைவது, அதிர்வு, அடி, வெளிப்புற ஷார்ட் சர்க்யூட் போன்றவற்றைப் பேட்டரி தாங்குகிறதா என்று பார்க்கும் சோதனை அது. நீங்களாகப் பேனாவால் '72' என்று எழுதி ஒட்டிவிடாதீர்கள். அப்படி எழுதப்பட்ட பேட்டரிகளை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஏன் இந்த அளவுக்குக் கண்டிப்பு என்று பலரும் கேட்கிறார்கள். காரணம் தெரிந்துவிட்டால் விதியை நினைவில் வைப்பது எளிது என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். லித்தியம்-அயன் செல்லுக்குள் இருக்கும் திரவம் எளிதில் தீப்பற்றக்கூடியது. நேர்முனையையும் எதிர்முனையையும் பிரித்து வைத்திருப்பது மிக மெல்லிய ஒரு படலம்தான். கீழே விழுந்து நசுங்கினாலோ, தயாரிப்பிலேயே குறை இருந்தாலோ, அளவுக்கு மீறிச் சூடானாலோ அந்தப் படலம் கெட்டு உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும். அந்தச் சூட்டில் வேதிவினை வேகமெடுக்கும், அந்த வினையால் சூடு இன்னும் ஏறும். ஒரு கட்டத்துக்குப் பிறகு வெளியிலிருந்து எதுவும் செய்யாமலேயே அது தன்னைத்தானே எரித்துக்கொள்ளும். 36 வோல்ட் பேட்டரி என்பது பொதுவாகப் பத்துச் செல்களை வரிசையாக இணைத்த ஒரு கட்டு. ஒரு செல் எரிந்தால் அதன் சூடு பக்கத்துச் செல்லைப் பற்றவைக்கும். பட்டாசுச் சரத்தில் ஒன்று வெடித்து அடுத்ததைக் கொளுத்துவது போலத்தான் இதுவும் பரவுகிறது.

விமானத்தின் அடிப்பகுதியில் லக்கேஜ் வைக்கும் அறையில் தீ பிடித்தால் அணைப்பதற்கு ஹாலான் என்ற வாயு இருக்கிறது. துணி, காகிதம், அட்டைப் பெட்டி எரிந்தால் அது அடக்கிவிடும். ஆனால் அந்த வாயு சுவாலையை அடக்குமே தவிர, செல்லைக் குளிர வைக்காது. செல்லுக்கு உள்ளே சூடு செல்லிலிருந்து செல்லுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2017-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், பெட்டிக்குள் மடிக்கணினிக்குப் பக்கத்தில் தலைமுடிக்குத் தெளிக்கும் ஸ்ப்ரே டப்பா ஒன்றை வைத்துப் பேட்டரியைச் சூடேற்றினார்கள். தீ உடனே பரவி, ஒரு நிமிடத்துக்குள் அந்த டப்பா வெடித்தது. நம் வீட்டுப் பெட்டிகளில் வாசனை ஸ்ப்ரேயும் நல்லெண்ணெய்ப் புட்டியும் ஊறுகாய் பாட்டிலும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதை நினைத்துப் பாருங்கள்.

அதே பேட்டரி பயணிகள் அறையில் புகைந்தால் நிலைமை வேறு. யாராவது பார்த்துவிடுவார்கள். பணிப்பெண்களும் பணியாளர்களும் முதலில் தீயணைப்பானால் சுவாலையை அடக்கி, பிறகு தண்ணீரையோ சாராயம் கலவாத பானத்தையோ ஊற்றி ஊற்றிக் குளிர வைக்கப் பயிற்சி பெற்றவர்கள். 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் ஒன்று புறப்படுவதற்கு முன்பே தீப்பிடித்தது. மேலே பைகள் வைக்கும் அலமாரியில் இருந்த பவர் பேங்க்தான் காரணமாக இருக்கக்கூடும் என்று புலனாய்வாளர்கள் கூறினர். உள்ளே இருந்த 176 பேரும் வெளியேறிவிட்டார்கள், ஆனால் விமானத்தின் கூரை எரிந்து போனது. கண்ணுக்குத் தெரியும் இடத்தில், கைக்கு எட்டும் இடத்தில் பேட்டரி இருக்க வேண்டும் என்பதை அது மறுபடியும் காட்டியது. அதனால்தான் அம்மாவிடம் நான் சொல்லச் சொல்வது, கழற்றிய பேட்டரியை மேல் அலமாரியில் வைக்காமல் காலடியில் வைக்கும் சிறு பைக்குள் வைத்துக்கொள்ளட்டும் என்பது. 2010 செப்டம்பர் 3 அன்று துபாயில் விழுந்த யுபிஎஸ் சரக்கு விமானமும், 2011 ஜூலை 28 அன்று ஜெஜு தீவருகே கடலில் விழுந்த ஏசியானா சரக்கு விமானமும் லித்தியம் பேட்டரிகளை ஏற்றிச் சென்றவை. இரண்டிலும் இரண்டிரண்டு விமானிகள் இறந்தார்கள். 2016 ஏப்ரல் 1 முதல் பயணிகள் விமானங்களில் லித்தியம்-அயன் பேட்டரிகளைத் தனிச் சரக்காக ஏற்றுவதையே ஐ.நா.வின் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ தடை செய்துவிட்டது.

இனி உங்கள் பெட்டிக்கு வருகிறேன். 'பேட்டரி உள்ள பெட்டி' என்று கருதும் நிறுவனங்களிடம் நிலைமை இப்படி: பெட்டியை லக்கேஜில் போடுவதென்றால் பேட்டரியைக் கழற்றியாக வேண்டும். கழற்றாமல் போகலாம் என்பதற்கு உள்ள ஒரே சலுகை 2.7 வாட்-அவர் வரையிலான லித்தியம்-அயன் பேட்டரிக்குத்தான். ஒரு கைப்பேசியின் பேட்டரியே 15 வாட்-அவர் அளவில் இருக்கும்போது, ஒரு மனிதரைச் சுமந்து ஓடும் பெட்டிக்கு அந்தச் சலுகை எந்த வகையிலும் பொருந்தாது. கழற்ற முடியாதபடி பேட்டரி பெட்டிக்குள்ளேயே பொருத்தப்பட்டிருந்தால் அது லக்கேஜிலும் போகாது, கைப்பையாகவும் போகாது. 2018 ஜனவரி 15 முதல் அமெரிக்கன், டெல்டா, அலாஸ்கா ஆகிய நிறுவனங்கள் கழற்ற முடியாத பேட்டரியுள்ள பெட்டிகளை மறுக்கத் தொடங்கின. பிறகு அதுவே உலக வழக்கமாகிவிட்டது.

பெட்டியைக் கைப்பையாகவே கொண்டு போய்விட்டால் பேட்டரியைக் கழற்ற வேண்டாமே என்று கடைக்காரர்கள் சொல்வது உண்டு. மதுரையில் அது நடக்காது. இங்கிருந்து புறப்படும் விமானங்களின் சாதாரண வகுப்பில் கைப்பை எடை 7 கிலோதான். ஏறி ஓட்டும் சூட்கேஸ்களில் பலவற்றுக்கு மோட்டார், சட்டம், சக்கரம் எல்லாம் சேர்ந்து, உள்ளே ஒரு சேலைகூட வைப்பதற்கு முன்பே எட்டு ஒன்பது கிலோ வந்துவிடுகிறது. எனவே இந்தப் பெட்டி எப்படியும் கீழே லக்கேஜ் அறைக்குத்தான் போகும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். எடை குறைந்த மாடலாக இருந்து கைப்பையாக அனுமதித்தாலும் கவனம் தேவை. மதுரை-சென்னை தடத்தில் ஏடிஆர் 72 போன்ற சிறிய விமானங்களும் ஓடுகின்றன. அவற்றின் மேல் அலமாரி சிறியது என்பதால் படிக்கட்டுக்கு அருகிலேயே டிராலிப் பைகளை வாங்கிக் கீழே ஏற்றிவிடுவார்கள். அந்த நேரத்தில் பேட்டரியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற நினைவு பயணிக்கு இருக்க வேண்டும். வெயிலில் அவசரமாக ஏறும்போது பெரும்பாலோர் அதை மறந்துவிடுகிறார்கள்.

கழற்றுவது எவ்வளவு எளிது என்பதையே நான் எல்லாவற்றுக்கும் மேலாகப் பார்ப்பேன். பெருங்குடியில் உள்ள நம் விமான நிலையத்தில் ஒருமுறை பார்த்த காட்சி மறக்கவில்லை. ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் கவுண்டருக்குப் பக்கத்தில் தரையில் மண்டியிட்டு, ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் பேட்டரி மூடியின் நான்கு திருகாணிகளைத் திருகிக்கொண்டிருந்தார். இரண்டு கழன்றன. மூன்றாவதன் தலை தேய்ந்து நாணயம் வழுக்கிக்கொண்டே இருந்தது. திருப்புளி கேட்டார், பாதுகாப்புப் பகுதியில் யார் திருப்புளி வைத்திருப்பார்கள்? பெட்டியிலிருந்த துணிகளையெல்லாம் உறவினர் கொண்டு வந்திருந்த கட்டைப்பைக்கு மாற்றிவிட்டு, புத்தம் புதிய பெட்டியை வீட்டுக்கே திருப்பி அனுப்பினார். அவர் பேட்டரியின் வாட்-அவர் எல்லைக்குள்தான் இருந்தது. கழற்ற முடியவில்லை என்ற ஒன்றே காரணம்.

ஆகவே இன்று மாலையே அம்மாவை உட்கார வைத்து அவர் கையாலேயே கழற்றச் சொல்லிப் பாருங்கள். நீங்கள் கழற்றிக் காட்டுவது போதாது, ஏனென்றால் சாங்கி விமான நிலையத்தில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் பேட்டரி வெளியே வரும் அமைப்பாக இருந்தால் நல்லது. வெளியே எடுத்ததும் அதன் முனையைப் பாருங்கள். பித்தளை நிறத்தில் உலோகப் பட்டைகள் வெளியே தெரிந்தால், அவற்றின் மேல் எலெக்ட்ரீஷியன் பயன்படுத்தும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்று ஒட்டி, பேட்டரியைத் தனியாக ஒரு துணிப்பையிலோ பிளாஸ்டிக் உறையிலோ போடுங்கள். சாவிக்கொத்தும் சில்லறையும் நகையும் இருக்கும் பையில் போடவே கூடாது. ஒரு சாவி இரண்டு பட்டைகளையும் ஒரே நேரத்தில் தொட்டால் போதும், ஷார்ட் ஆகிவிடும். பேட்டரி உப்பியிருந்தாலோ, ஓரத்தில் விரிசல் இருந்தாலோ, இனிப்பான ஒரு இரசாயன வாடை வந்தாலோ அதைப் பயணத்துக்கு எடுக்காதீர்கள். முழுதாகச் சார்ஜ் செய்து எடுத்துச் செல்லவும் வேண்டாம். சார்ஜ் குறைவாக இருக்கும் பேட்டரியில் எரிய உள்ள ஆற்றலும் குறைவு. விமானச் சரக்கில் தனியாக அனுப்பும் லித்தியம்-அயன் பேட்டரிகளுக்கு 30 சதவீதம் என்று எல்லை வைத்திருப்பதும் இதனால்தான். அந்தப் பேட்டரியில் யுஎஸ்பி துளை இருந்தாலும் விமானத்துக்குள் அதில் கைப்பேசியைச் சார்ஜ் செய்ய வேண்டாம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஸ்கூட்டும் 2025 ஏப்ரல் 1 முதல் பறக்கும்போது பவர் பேங்க் பயன்படுத்துவதையே தடை செய்திருக்கின்றன.

இப்போது 'சிறு வாகனம்' என்ற சிக்கல். 2015-ஆம் ஆண்டின் இறுதியில் ஹோவர்போர்டுகள் தீப்பற்றிய செய்திகள் அடுத்தடுத்து வந்தபோது, பல நிறுவனங்கள் வாட்-அவர் எவ்வளவாக இருந்தாலும் அத்தகைய வாகனங்களை ஏற்பதில்லை என்று முடிவெடுத்தன. உலக விதி அனுமதிப்பதைவிடக் கண்டிப்பாக இருக்க ஒவ்வொரு நிறுவனத்துக்கும் உரிமை உண்டு. மனிதர் ஏறி ஓட்டுவது என்பதால் இந்த சூட்கேஸையும் அதே பட்டியலில் சேர்க்கும் நிறுவனங்கள் இருக்கின்றன; அங்கே பேட்டரியைக் கழற்றிவிட்டேன் என்று சொல்லிப் பயனில்லாமல் போகலாம். எனவே டிக்கெட் எடுத்த நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். 'ஸ்மார்ட் லக்கேஜ் கொண்டு வரலாமா' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். ஏறி ஓட்டக்கூடிய மோட்டார் உள்ள பெட்டி, கழற்றக்கூடிய லித்தியம்-அயன் பேட்டரி 72 வாட்-அவர், பேட்டரி கைப்பையில் வரும், பெட்டி லக்கேஜில் போகும் என்று முழுதாக எழுதி, படத்தையும் இணைத்து, எழுத்தில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் ஒருவர் 'சரிங்க, கொண்டு வாங்க' என்று சொன்னது கவுண்டரில் செல்லாது. கொழும்பு வழியாகவோ சென்னை வழியாகவோ மாறிப் போவதாக இருந்தால், இரண்டாவது விமானத்தை இயக்கும் நிறுவனத்திடமும் தனியாகக் கேட்க வேண்டும். திரும்பி வரும் பயணம் வேறு நிறுவனத்தில் என்றால் அவர்களிடமும் கேளுங்கள். இங்கிருந்து ஏற்றிச் சென்ற பெட்டியை அங்கிருந்து ஏற்ற மறுத்தால், அதை மகள் வீட்டிலேயே விட்டுவிட்டு வர வேண்டியதுதான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லத் தோன்றுகிறது. முழங்கால் வலி உள்ள 68 வயதுப் பெண்மணிக்கு இந்தப் பெட்டி ஏற்ற வாகனம் என்று நான் நினைக்கவில்லை. உட்காரும் இடம் மிகத் தாழ்வானது, சாய்ந்துகொள்ள முதுகுப்புறம் எதுவும் இல்லை, கால்களை மடக்கிச் சிறிய பிடிகள் மேல் வைத்துக்கொள்ள வேண்டும். வலிக்கும் முழங்காலை அப்படி மடக்கி உட்கார்ந்து எழுந்திருப்பது நடப்பதைவிடக் கடினமாக இருக்கலாம். விமான நிலையத்துக்குள் ஓட்ட அனுமதிப்பார்கள் என்பதும் உறுதியில்லை. ஜப்பானில் கன்சாய் விமான நிலையமும் நகோயாவின் சுபு விமான நிலையமும் தங்கள் வளாகத்துக்குள் இவற்றில் ஏறி ஓட்ட வேண்டாம் என்று பயணிகளைக் கேட்டுக்கொண்டன. ஒசாகாவில் நடைபாதையில் உரிமம் இல்லாமல் ஓட்டிய ஒரு வெளிநாட்டுப் பெண் மீது 2024-இல் போலீஸ் நடவடிக்கையே எடுத்தது, ஏனென்றால் அந்த நாட்டுச் சட்டத்தில் இது மோட்டார் பொருத்திய சைக்கிள் வகையைச் சேர்ந்தது.

அதற்குப் பதிலாக, விமான நிறுவனத்திடம் வீல்சேர் உதவியைக் கேட்டுப் பதிவு செய்துவிடுங்கள். 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது. மதுரையில் வாசலிலிருந்து விமானம் வரை ஒருவர் தள்ளிக்கொண்டு போவார். சாங்கியில் இறங்கியதும் குடிநுழைவுச் சோதனை, பெட்டி எடுக்கும் இடம், வெளியே மகள் நிற்கும் இடம் வரை இன்னொருவர் கூடவே வருவார். முதன்முறையாகத் தனியே போகும் அம்மாவுக்கு வழி கேட்க ஒரு ஆள் பக்கத்தில் இருப்பது எந்த மோட்டாரையும்விடப் பெரிய உதவி. வீட்டில் மின்சார வீல்சேர் இருந்தால் அதற்கான விதியும் வேறு. நடக்க இயலாதவர்களின் உதவிக் கருவி என்பதால் கழற்றக்கூடிய பேட்டரிக்கு 300 வாட்-அவர் வரை இடம் உண்டு. ஏறி ஓட்டும் சூட்கேஸுக்கு அந்தச் சலுகை கிடைக்காது. மருத்துவச் சீட்டைக் காட்டினாலும் அது வீல்சேர் ஆகிவிடாது.

இவ்வளவுக்கும் பிறகு மருமகன் ஆசையாக வாங்கிக் கொடுத்தது என்று அதைக் கொண்டுபோகவே விரும்பினால், ஊர் வெயிலையும் கணக்கில் வையுங்கள். சித்திரை வைகாசியில் திருமங்கலத்திலிருந்து பெருங்குடிக்கு வரும் வழியில், மூடிய காரின் டிக்கியில் பேட்டரி வெந்துகொண்டிருக்க விடாதீர்கள். அம்மா உட்காரும் இருக்கைக்குப் பக்கத்தில் ஏசி படும் இடத்தில் வைத்துக்கொள்ளட்டும். முந்தின இரவு கட்டில் மெத்தை மேல் வைத்துச் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கவும் வேண்டாம். கவுண்டரில் பெட்டியைத் தராசில் ஏற்றுவதற்கு முன்பே பேட்டரி அம்மாவின் கைப்பையில் டேப் ஒட்டி இருக்கட்டும். 'லக்கேஜில் பேட்டரி இருக்கிறதா' என்று கேட்டால், இல்லை என்று மட்டும் சொல்லாமல், கழற்றிவிட்டேன் என்று சொல்லிக் கைப்பையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். காலியான பேட்டரி அறையின் மூடியையும் அப்போதே திறந்து காட்டிவிட்டால், பெட்டி எக்ஸ்ரேயில் போன பிறகு அவர் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிட வேண்டிய தேவை பெரும்பாலும் வராது.